மஸ்தூரா அக்காவின் வெள்ளைக் கார்

எங்கள் தெருவில் கார் கழுவாத வீடு கிடையாது. கழுவத் தெரிந்த வீடு ஒன்றே ஒன்றுதான், எனக்கு எதிர்வீடு. இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது. வாடகை வேன் ஓட்டிப் பிழைக்கிற ஆண்பிள்ளை, ஒரு பெண்ணைப் பார்த்துக் கார் கழுவக் கற்றுக்கொண்டேன் என்று எங்கள் மர்கிலான் ஊரில் வாய்விட்டுச் சொல்லிவிட முடியுமா?

மஸ்தூரா அக்கா ஆஸ்பத்திரியில் ஊசி போடும் நர்ஸ். ஐம்பதைத் தாண்டியவர். கணவர் எர்காஷ் இறந்தபோது, காரை விற்றுவிடு என்று ஊரே சொன்னது. அக்கா துக்க காலம் முடிந்ததும் ஓட்டக் கற்றுக்கொண்டார். பழைய வெள்ளை நெக்ஸியா அது. அந்தக் குடும்பத்துக்கு வந்த மருமகள்கள் அத்தனை பேரையும் எர்காஷ் அந்தக் காரில்தான் அழைத்து வந்தார். அக்காவையும் சேர்த்துத்தான் என்று சொல்ல ஆசை, ஆனால் அக்கா வந்தது டிராக்டரில்.

ஞாயிறு காலையில் வெயில் ஏறுவதற்குள் திராட்சைப் பந்தலுக்குக் கீழே கார் நிற்கும். இரண்டு வாளி: ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்று துணியை அலச. கூரையில் தொடங்கிக் கீழே வருவார். சக்கரத்துக்குத் தனித் துணி. "காலுக்கு வச்ச துணி முகத்துக்கு வரக்கூடாது" என்பார். துணி தரையில் விழுந்துவிட்டால் அது செத்த துணி. அதில் ஒட்டிய மண் பெயிண்டைக் கீறும் என்று அதோடு மூலையில் போட்டுவிடுவார். காருக்குள் ஏசி காற்று வருகிற இடுக்குகளை ஊசி இல்லாத சிரிஞ்சாலும் பழைய பல்துலக்கியாலும் சுத்தம் செய்வார். எங்கள் தெரு முழுக்க முசுக்கட்டை மரம்; பழக் கறையும் பறவை எச்சமும் விழாத கார் இல்லை. நாங்கள் எல்லாம் நகத்தால் சுரண்டுவோம். அக்கா ஈரத்துணியைப் போர்த்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்.

"என்னக்கா, காருக்குக் காய்ச்சலா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"புண்ணுல ஒட்டுன கட்ட எப்படிப் பிரிப்பே? ஊற விட்டா தானா வரும். சுரண்டுனா தோலோட வரும். உன் வேன பாரு, தோலே இல்ல!"

அன்றிலிருந்து என் வீட்டு ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

அக்காவின் கொழுந்தன் ஹைதராலி அடுத்த தெருக்காரர். இரண்டு வருடம் முன்பு புது வெள்ளைக் கார் வாங்கினார். கப்பலில் ஏற்றுவதற்குப் போர்த்துவது போல, பானெட் என்கிற முன்மூடியில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளை அவர் கழற்றவே இல்லை. சீட்டு உறையும் அப்படியே. எங்கள் ஊரில் பலரும் இப்படித்தான். கழற்றினால் புதுசு போய்விடுமாம். வெள்ளிக்கிழமைதோறும் காரைச் சுற்றித் திருஷ்டிப் புகை வேறு போடுவார்.

அவர் மகன் ஜாவோஹிருக்கு ஜூன் மாதம் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணழைக்கப் போகும் கார் வரிசையில் எந்தெந்தக் கார் என்று பேசியபோது ஹைதராலி சொன்னார்: "பன்னெண்டு காரு. எல்லாம் புதுசு, எல்லாம் வெள்ளை. அண்ணி, உங்க கார் வீட்லயே இருக்கட்டும். வீடியோவுல நல்லா இருக்காது."

"உங்கண்ணன் கார் போகாம இந்த வீட்டுக்கு எந்தப் பொண்ணு வந்திருக்கா?" என்றார் அக்கா.

"அதெல்லாம் அந்தக் காலம் அண்ணி."

சாமான் பெட்டி ஏற்ற என் தோலில்லாத வேனுக்குக்கூட வரிசையில் இடம் இருந்தது. அக்காவின் காருக்கு இல்லை. அன்று அக்கா அழுதார். நான் பார்த்தேன். அழுதுகொண்டே கண்ணாடி துடைத்தார். எனக்கு ஹைதராலி மேல் வந்த கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை.

கல்யாணத்தன்று ஆண்களுக்கு மட்டும் வைக்கிற விடிகாலைப் புலாவ் விருந்து முடிந்து கூட்டம் கலைந்ததும், ஹைதராலி ஒருவழியாக முன்மூடித் தாளை உரித்தார். இரண்டு கோடை வெயிலில் வெந்த தாள் துண்டு துண்டாகக் கிழிந்தது. பசை மட்டும் அடையாக நின்றது. காற்றில் வந்த தூசி வேறு அதில் அப்பிக்கொண்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மாவா? மனிதர் கத்தியை எடுத்துவிட்டார். இரண்டு கீறல் விழுந்த பிறகுதான் ஜாவோஹிர் கையைப் பிடித்தான்.

"அப்பா, விடுங்க! பெரியம்மாவக் கூப்பிடலாம்."

"கூப்பிட்டா வருவாங்களா?"

வந்தார். கூப்பிட்ட ஐந்தாவது நிமிடம், இரண்டு வாளியோடு.

காரைச் சுற்றிப் பார்த்தார். கீறலைத் தடவினார். "கத்தியா வச்சீங்க? நல்லவேளை, டாக்டர் ஆகல நீங்க." பிறகு சமையல்காரரிடம் பருத்திக்கொட்டை எண்ணெய் ஒரு குவளை கேட்டார்.

"அது சாயங்காலப் புலாவுக்கு!" என்று சமையல்காரர் கத்தினார்.

"இன்னிக்கு முதல் பந்தி காருக்கு."

எண்ணெயை இளம்சூடாக்கிப் பசை மேல் தடவி, துணி போர்த்தி, நிழலில் உட்கார்ந்து தேநீர் கேட்டார். ஹைதராலி குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "அண்ணி, மூணு மணிக்குக் கெளம்பணும்!" அக்கா தேநீரை ஊதினார். பதறாத காரியம் சிதறாது. ஒரு மணி நேரம் கழித்துத் துணியைத் தூக்கி, பழைய பிளாஸ்டிக் அட்டையால் தள்ளினார். பசை கஞ்சி ஆடை மாதிரி சுருண்டு வந்தது. இரண்டாவது தடவை தடவி ஊறவைத்து, சோப்புப் போட்டு அலசித் துடைத்தபோது முன்மூடியில் முகம் தெரிந்தது. கீறலின் மேல் பூச்சரத்தைக் கட்டச் சொன்னார்.

"சீட்டு உறையையும் கழட்டிடுங்க. ஜூன் மாசம், பொண்ணு வெந்துடும்."

"அத மட்டும் தொடாதீங்க அண்ணி. ஊருக்குள்ள நாலு பேரு ஏறி எறங்குவாங்க."

அக்கா வாளியைக் கவிழ்த்தார். ஹைதராலி தலையைச் சொறிந்துகொண்டு, "உங்க காரையும் எடுத்துட்டு வாங்க. கடைசியில நில்லுங்க" என்றார்.

"கடைசியிலயா? பொண்ணு ஊர்ல மண்ரோடு. கழுவுன காரோட நான் தூசி தின்ன மாட்டேன். முன்னாடி போறேன்."

வீட்டு வாசலில் கல்யாணக் கூட்டம் முழுக்க நின்றது. ஹைதராலி தன் காரைப் பின்னுக்கு எடுத்து வழிவிட்டார்.

அப்படித்தான் நெக்ஸியா முதலில் போனது. என் வேன் கடைசியில் எல்லோருடைய தூசியையும் தின்றது. பெண் வீட்டு வாசலில் நீளக் கொம்புகள் முழங்க, மணப்பெண் நஸீபா வெள்ளைக் கவுனோடு வந்து புதுக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்தாள். அதுவரை வெயிலில் நின்ற கார். பிளாஸ்டிக் உறை கறமுறவென்றது. ஏசி போட்டால் எஞ்சின் கெட்டுவிடும் என்பது ஹைதராலியின் சித்தாந்தம். இரண்டு நிமிடத்தில் பெண்ணின் கண்மை கரையத் தொடங்கியது. கவுன் உறையில் ஒட்டிக்கொண்டது.

கதவு திறந்தது. நஸீபா இறங்கினாள்.

"என்னம்மா?" ஹைதராலி பதறினார்.

"அந்த முன்னாடிக் காருல துணி சீட்டுதானே?" என்று ஜாவோஹிரைக் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் கவுனைத் தூக்கிக்கொண்டு நெக்ஸியாவுக்கு நடந்தாள். ஜாவோஹிர் பின்னாலேயே ஓடினான். வீடியோக்காரனும் ஓடினான்.

அக்கா கதவைத் திறந்து கவுனை உள்ளே மடித்து வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. ஓட்டுநர் சீட்டில் ஏறி, ஜன்னல் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"கொழுந்தனாரே, கெளம்பலாம். நல்லாத் தள்ளியே வாங்க. முன்னாடி போற வண்டி தூசி கெளப்பும்."