கையிலிருந்து கண்ணுக்குப் போன ரத்தம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருஷத்தைக் கடத்திவிட்டேன். பேனாவை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், மூடி வைத்துவிடுவேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. என் மனைவியின் கண் பிழைத்த கதையை எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இருவருமே ஆபத்தில் ஓடி வந்து நின்றவர்கள். நடந்ததை நான் நடந்தபடி எழுதினால் அவர்கள் முகம் வாடிப்போகுமே என்று கூச்சம். இப்போது ஒருவரை ஆண்டவர் அழைத்துக்கொண்டார். இன்னொருவர் மகனோடு வெளியூர் போய்விட்டார். என் மனைவியிடம் கேட்டேன். "எழுதுங்க. ஆனா என்னைப் பீடத்துல ஏத்தி வச்சிடாதீங்க" என்றாள். அந்த அனுமதியில் எழுதுகிறேன்.

எண்பதுகளில் நாங்கள் பிள்ளைகளோடு நெமிலிச்சேரிப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தோம். நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு, சுற்றுவட்டாரத்துப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். அவளுக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டு இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. வலது கண் ஒன்றுதான் அவளுக்கு மொத்தப் பார்வையும். அந்த ஒற்றைக் கண்ணால் அவள் போட்ட கைத்தையலைப் பார்த்து ஆவடிக் கடைக்காரர்களே ஆச்சரியப்படுவார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளை அடிப்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் வழக்கம். குழந்தை சேசு பிறக்கிற வீடு அழுக்காக இருக்கலாமா? அந்த வருஷமும் பூந்தமல்லியிலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி வந்தேன். பாதியாக வெட்டிய டிரம்மில் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் அது அடுப்பில்லாமலே கொதிக்கும். ஆவி பறக்கும். கொதித்து அடங்கின பிறகு துணியில் வடிகட்டி, நீலம் போட்டு அடிக்க வேண்டும். நான் உள்ளே ஏணியில் நின்று ஒட்டடை தட்டிக்கொண்டிருந்தேன். வெளியே அவள் ஒரு கழியால் டிரம்மைக் கிளறிக்கொண்டிருந்தாள். அடியில் வேகாமல் கிடந்த ஒரு கட்டி திடீரென்று வெடித்துத் தெறித்தது. தெறித்தது நேரே வலது கண்ணில்.

அவள் போட்ட சத்தத்தில் நான் ஏணியை விட்டு இறங்கி ஓடுவதற்குள் எதிர்வீட்டுப் பால்கார அக்கா வந்துவிட்டது. அந்த ஊரிலேயே பரம்பரையாகப் பயிர் வைத்து, மாடு வளர்த்த குடும்பம். எங்களுக்கு உறவுக்காரரைவிட மேல். அக்கா கையில் விளக்கெண்ணெய்க் கிண்ணம்.

"தண்ணி கிண்ணி ஊத்திடாத. காலையிலேருந்து டிரம்மு எப்டி கொதிச்சிகினு கெடந்துச்சு, பாத்தல்ல? கண்ணுலயும் அப்டியே கொதிச்சிரும்."

அந்த அக்காவைக் குறை சொல்ல முடியாது. சுண்ணாம்பு கொதிப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். கூடி நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அக்கா எண்ணெயைக் கண்ணில் விட்டது. என் மனைவி அதைப் பொறுத்துக்கொண்டு ஒரு கணம்தான் நின்றாள். பிறகு எல்லோர் கையையும் உதறிவிட்டு, தட்டுத்தடுமாறி உள்ளே போய், குழாயடியில் வரிசையில் நின்று பிடித்து வைத்திருந்த குடிதண்ணீர் அண்டாவுக்குள் முகத்தை அப்படியே அமிழ்த்திவிட்டாள். உள்ளே கண்ணைத் திறந்து திறந்து மூடுகிறாள். மூச்சு முட்டும்போது தலையை எடுப்பாள், மறுபடி அமிழ்த்துவாள். அண்டாத் தண்ணீர் பால் மாதிரி கலங்கியது.

பிற்பாடு நான் கேட்டேன், உனக்கு எப்படித் தோன்றியது என்று. "தோணறதுக்கு எங்க நேரம்? எரிஞ்சுது, தண்ணியில வச்சேன்" என்றாள். அவ்வளவுதான் அவளுடைய விளக்கம்.

பட்டணத்துப் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவாயிற்று. அப்போது பால்கார அக்கா செய்ததை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். தண்ணீர் வேண்டாம் என்று தடுத்த அதே அக்கா, பால் கேனைக் கழுவி, அது நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு எங்களோடு ரயில் ஏறியது. அம்பத்தூர், வில்லிவாக்கம் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக, வண்டி நிற்கும்போதெல்லாம் என் மனைவியின் முகத்தை வாசலுக்கு வெளியே நீட்டச் சொல்லி, டம்ளரில் மொண்டு மொண்டு கண்ணில் ஊற்றியது. பிளாட்பாரத்தில் நின்றவர்கள் திட்டினார்கள். அக்கா காதிலேயே வாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. சின்ன வயது, கண்டிப்பான பேச்சு. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, இமையைத் திருப்பி, பஞ்சுக் குச்சியால் சுண்ணாம்புத் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தார். மறுபடியும் கழுவினார். பிறகு என்னைத் தனியே கூப்பிடாமல் அவளை வைத்துக்கொண்டே பேசினார். எனக்கு அது பிடித்திருந்தது.

"உடனே கழுவினதாலதான் இந்த அளவாவது மிஞ்சியிருக்கு. ஆனா கருவிழியைச் சுத்தி இருக்கிற பொடி ரத்தக் குழாய் ஒரு பக்கம் வெந்து வெளுத்துப்போச்சு. அது வழியாத்தான் கண்ணுக்கு ஊட்டம் போகணும். உங்க கையிலேருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, அது உறையறதுக்குள்ள, வெள்ளை விழி மேல இருக்கிற மெல்லிசு தோலுக்கு அடியில ஊசி போடப்போறேன். புண் ஆற அது உதவும்னு செய்யறோம். எல்லாருக்கும் பலிக்கும்னு சொல்ல மாட்டேன்."

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: போடாவிட்டால் என்ன ஆகும்? கருவிழி வெளுத்து மூடிப்போகலாம் என்றார் டாக்டரம்மா. அப்படியென்றால் போடுங்கள் என்று அவளே ரவிக்கையின் கையை மேலே சுருட்டினாள்.

அந்த நேரம் பார்த்துச் சேதி கேட்டுக் காட்டுப்பாக்கத்திலிருந்து அவளுடைய அண்ணன் வந்து சேர்ந்தார். அவள் பிறந்த வீடு வேறு சபை. என்னைக் கட்டிக்கொண்டு எங்கள் கோயிலுக்கு வந்ததில் அவருக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது, ஆனால் தங்கை மேல் உயிர். ரத்தம் ஏற்றுவது வேதத்துக்கு ஆகாது என்று அவர்கள் ஜெபக்கூட்டத்தில் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். ரத்தத்தில்தான் உயிர் இருக்கிறது, அதை ஊசியில் ஏற்றிக் கண்ணில் குத்துவதா, மூன்று நாள் உபவாச ஜெபம் பண்ணிவிட்டுப் பிறகு பார்ப்போம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பெரிய மனிதர் அழுகிறார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள்தான் பதில் சொன்னாள்.

"அண்ணே, ஊரான் ரத்தமா ஏத்துறாங்க? என்னுதுதானே. அது ஊடு மாறல, ரூமுதான் மாறுது."

பக்கத்தில் நின்ற நர்ஸம்மா சிரித்துவிட்டார். அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் என் கையை விட்டார். வெளியே வராந்தாவில் முழங்கால் போட்டுவிட்டார்.

தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லி என்னை உள்ளே நிறுத்தினார்கள். கால் கட்டைவிரலையே பார் என்றார் டாக்டரம்மா. எல்லாம் புகையாகத் தெரிகிறது, விரல் இருக்கிற இடம் தெரியும், அங்கேயே பார்க்கிறேன் என்றாள் இவள். அவள் முழங்கையில் ரத்தம் எடுத்த டாக்டரம்மாவின் கை வேகமாக ஊசியை மாற்றியது. நான் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் மாதா ஜெபத்தை ஆரம்பித்தேன். உதடு அசைந்தது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

"வாய் விட்டுச் சொல்லுங்க. எனக்கும் கேக்கட்டும்."

"சொல்லுங்க சார், ஆனா தலையை விட்டுடாதீங்க" என்றார் டாக்டரம்மா.

சொன்னேன். பாதியில் நான் தடுமாறியபோது மீதியை அவள் எடுத்துச் சொன்னாள். ஊசி கண்ணுக்குள் இருக்கும்போது, தலை ஒரு நூல் அளவுகூட ஆடாமல், உதடு மட்டும் அசைத்து. நான் பட்டறையில் இரும்பைப் பிடித்து வைக்கிறவன். அசையாமல் நிற்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என் கைகளுக்குள் இருந்த அந்தத் தலையைப் போல அசையாத ஒன்றை நான் பிடித்ததில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கிருந்த பயத்துக்கு மேலே ஒரு பெருமை வந்து உட்கார்ந்தது. இன்றுவரை அது இறங்கவில்லை.

ஊசி போட்ட கண், சிவப்புத் தக்காளி மாதிரி வீங்கியது. சில நாள் இடைவெளி விட்டு மறுபடியும் போட்டார்கள். கூடவே சொட்டு மருந்து, களிம்பு எல்லாம் உண்டு. இமையும் விழியும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கண்ணாடிக் குச்சியில் களிம்பு தடவி இமைக்கு அடியில் ஓட்டி எடுப்பார்கள். வீட்டுக்குப் போனால் நீங்கள் செய்ய வேண்டும் என்று எனக்கும் கற்றுக்கொடுத்தார் நர்ஸம்மா. கிறிஸ்துமஸ் வார்டிலேயே கழிந்தது. எங்கள் வீட்டுச் சுவர் அந்த வருஷம் பாதி வெள்ளை, பாதி அழுக்கு. குழந்தை சேசு கோபித்துக்கொள்ளவில்லை.

பால்கார அக்கா வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வரும். வார்டே கேட்கப் பேசும். "இன்னாமே, கண்ணுல மொளகாப் பழத்த வச்சிகினு கீற? உன் ஊட்டுக்காரன் மூஞ்சி சுண்ணாம்புக் கணக்கா வெளுத்துப்போய் கீது. ஊசி உனக்கா, அவனுக்கா?" என் மனைவி சிரிப்பாள். சிரித்தால் கண் வலிக்கும். அதனால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

ஆனால் அக்கா போன பிறகு ஒருநாள் மெதுவாகக் கேட்டாள். பார்வை வராமல் போனால் தையல் மிஷினை விற்றுவிடலாம், ஆனால் பிள்ளைகள் முகம் மறந்துபோய்விடுமோ என்று. அவள் முகத்தை என் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெரியும், அவளுக்கு நான் ஒரு நிழல்தான்.

ரத்தச் சிவப்பு கரைந்து மஞ்சளாகி, மஞ்சளும் மறைந்தது. வெந்து வெளுத்திருந்த ஓரத்தில் இழை மாதிரி சிவப்புக் கோடுகள் தெரிகின்றன, குழாய்கள் திரும்ப வருகின்றன என்று டாக்டரம்மா தன் கருவி வழியாகப் பார்த்துச் சொன்னார். அவர் குரலில் அன்றைக்குத்தான் கண்டிப்பு இல்லை. கண்ணில் போட்டிருந்த கட்டைப் பிரித்துச் சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார். பெரிய எழுத்தைப் படித்தாள். அடுத்த வரிசையைப் படித்தாள். அதற்கும் கீழே இறங்கினாள். ஓரிடத்தில் தயங்கினாள், தப்பாகச் சொன்னாள், திருத்திக்கொண்டு மறுபடி இறங்கினாள். நான் கதவோரம் நின்றேன். போதும் என்றார் டாக்டரம்மா. உடனே இவள் என் பக்கம் திரும்பினாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க, இத்தினி நாளா ஷேவ் பண்ணாமலா எல்லார் எதுருலயும் நடந்துகினு இருந்தீங்க?"

நான் அழுதேன். டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கருவிழியின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெண்தழும்பு மட்டும் நின்றுவிட்டது. அந்தக் கண்ணோடுதான் தொண்ணூறுகளில் எங்கள் பெண்ணின் கல்யாண ரவிக்கையை அவளே தைத்தாள்.

இதற்குப் பிறகுதான் கதை இரண்டாகப் பிரிந்தது. அண்ணன் தன் ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொன்னார்: வராந்தாவில் முழங்கால் போட்டேன், கர்த்தர் கண்ணைத் திறந்தார் என்று. அதில் ஊசி வராது. பால்கார அக்கா திருமழிசைச் சந்தை வரைக்கும் சொன்னது: நான் விட்ட விளக்கெண்ணெய்தான் கண்ணைக் காப்பாத்திச்சு என்று. அதில் பால் கேன் வராது. தான் செய்த பெரிய காரியத்தை விட்டுவிட்டுச் சின்னதைச் சொல்லிக்கொண்டு திரிந்தது அந்த நல்ல ஆத்மா. அக்கா கதையைக் கேட்டு, எங்கள் கோயிலிலேயே ஒருவர் சுண்ணாம்பு பட்ட கண்ணைக் கழுவாமல் எண்ணெய் விட்டுக்கொண்டு எங்களைத் தேடி வந்தார். என் மனைவி அவரை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் முகத்தை அமிழ்த்தினாள். அன்றைக்கே நான் எழுதியிருக்க வேண்டும்.

ஆண்டவர் கண்ணைத் திறந்தாரா என்று என்னைக் கேட்டால், ஆம் என்றுதான் சொல்வேன். தண்ணீரைக் கொடுத்தவரும் அவர், அவள் கையில் அந்த ரத்தத்தை ஓடவைத்தவரும் அவர், டாக்டரம்மாவின் விரலுக்கு நிதானம் கொடுத்தவரும் அவர். மருந்தில் எது எவ்வளவு வேலை செய்தது என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு டாக்டர்கள் வேறு நல்ல வழி வைத்திருக்கலாம், அதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுதல். உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் ஒன்றைக் கூட்டாமல், ஒன்றைக் குறைக்காமல் சொல்லுங்கள். முதலில் தண்ணீர், நிறையத் தண்ணீர், உடனே கண் ஆஸ்பத்திரி. ஜெபம் வழியெல்லாம் கூடவே. என் மனைவியைப் புகழ்ந்து நான் எழுதிய இடங்களை வேண்டுமானால் விட்டுவிடுங்கள் என்று அவள் சொல்லச் சொன்னாள். தயவுசெய்து அதையும் விடாமல் சொல்லுங்கள்.