காற்றைக் கட்டியவளும் ஓர் உறுதிபூசுதலும்

நான் கனவு காண்பது காலையில், ஆபீஸ் வேனில்தான். கோவில்பத்தில் ஏறினால் கீழவாஞ்சூர் துறைமுகம் வரை ஜன்னலோர சீட் என்னுடையது. வயல், தென்னை, மறுபடி வயல், அப்புறம் நிலக்கரி லாரிகளின் வரிசை. அந்த வரிசை தொடங்கும் இடத்தில் வேன் ஊர ஆரம்பிக்கும். நான் புத்தகத்தைத் திறப்பேன். கப்பல் ஏஜென்ட் ஒருவரின் ஆபீசில் எனக்கு வேலை. எந்தக் கப்பல் உள்ளே வந்துவிட்டது, எது இன்னும் வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது என்று போனில் கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். கரித்தூள் படிந்து படிந்து என் புத்தகங்களின் ஓரம் லேசாகக் கறுத்திருக்கும். என் தங்கை மகள் அந்தக் கறுப்பைப் பார்த்தே நான் படித்து முடித்தது எது என்று சொல்லிவிடுவாள்.

நான் படிப்பவை பெரும்பாலும் மாயக்கதைகள். மந்திரம் தெரிந்த பெண்கள், பேசும் மரங்கள், ராத்திரியில் இடம் மாறும் மலைகள். கல்யாணம் செய்துகொள்ளாமல் நாற்பதைத் தாண்டியவள் இதையெல்லாம் படிப்பது என் தங்கைக்கு ஒரு வேடிக்கை. "ஒனக்கு வயசு ஏறுது, நீ படிக்கிற புத்தகத்துக்கு வயசு எறங்குது" என்பாள். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறேன், தவக்காலத்தில் மீன்கூடத் தொடுவதில்லை, மற்ற நேரத்தில் என் தலைக்குள் யார் பறந்தால் யாருக்கு என்ன?

அந்த வருடம் தங்கை மகளுக்கு உறுதிபூசுதல். ஞானஸ்நானத்தில் பெற்றோர் குழந்தைக்காகச் சொன்ன வாக்குறுதியை, வளர்ந்த பிள்ளை ஆயருக்கு, அதாவது பிஷப்புக்கு, முன்னால் தன் வாயாலேயே சொல்லி, நெற்றியில் தைலம் பூசிக்கொள்ளும் நாள். பிள்ளையின் பின்னால் நின்று தோளில் கை வைக்க ஒரு ஞானத்தாய் வேண்டும். குழந்தை என்னைத்தான் கேட்டாள். "பெரியம்மா, நீங்கதான் நிக்கணும். அம்மா கை வச்சா அழுத்தும்" என்றாள். எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சந்தோஷத்தில் புத்தகக் கண்காட்சியில் வாங்கி, வேனில் படித்து, கறுத்துப்போயிருந்த ஒரு கதையை அவளிடம் கொடுத்தேன்.

காற்றைக் கட்டிப்போடத் தெரிந்த ஒரு பெண்ணின் கதை அது. தீவில் இருப்பவள். அவள் அப்பாவின் கப்பல் மறுநாள் புறப்பட வேண்டும். போனால் வர வருடங்களாகும். அவர் போகக் கூடாது என்று ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டுக் காற்றைக் கட்டிவிடுவாள். அப்பாவின் கப்பல் மட்டுமல்ல, கடலில் இருந்த எல்லாக் கப்பலும் நின்றுவிடும். அட்டையில் கயிறு சுற்றிய கை ஒன்றைப் பெரிதாக வரைந்திருந்தார்கள்.

அந்த அட்டைதான் வினை. ஞாயிறு பூசை முடிந்து நடக்கும் மறைக்கல்வி வகுப்பில், குழந்தையின் பையிலிருந்து அது எட்டிப் பார்த்திருக்கிறது. வகுப்பெடுக்கும் டீச்சர் வார நாட்களில் திருமலைராயன்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர். என் வயதிருக்கும். கணவரை இழந்தவர், கோயில் வேலை என்றால் முதலில் வந்து நிற்பவர். அவர் புத்தகத்தை எடுத்துப் புரட்டிவிட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி, இது சாத்தானுடைய வேலை, இதைப் படிக்கிற கையோடு ஆயர் முன்னால் போய் நிற்க முடியாது என்று சொல்லித் தன் பையில் வைத்துக்கொண்டார். என்னைக் கோயில் வாசலில் பிடித்தார்.

"ஞானத்தாய்னா புள்ளைய கோயிலுக்கு இழுத்துட்டு வரணும். நீங்க மந்திரத்துக்கு இழுத்துட்டுப் போறீங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நேரே பங்குச் சாமியாரிடம் போனேன். அவர் கொடிமரத்துக்குப் பெயிண்ட் அடிப்பவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நீங்களே டீச்சர்ட்ட பேசுங்களேன். எனக்கும் அவங்களக் கண்டா கொஞ்சம் பயந்தான்" என்றார். மனிதர் உண்மையைத்தான் சொன்னார்.

அன்று சாயங்காலமே டீச்சர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். பைபிளிலேயே கழுதை பேசவில்லையா, கோல் பாம்பாகவில்லையா, என்றெல்லாம். சின்ன வீடு. வாசற்படி மட்டும் புது சிமெண்டாக, வீட்டின் மற்ற இடங்களோடு ஒட்டாமல் தெரிந்தது. உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"படிச்சிப் பாத்துட்டுத்தான் சொல்றீங்களா டீச்சர்? இல்ல, அட்டைய மட்டும் பாத்தீங்களா?"

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். வாசற்படியைக் காட்டினார்.

"அது ஏன் புதுசா இருக்குன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

கணவருக்குக் கிட்னியில் கோளாறு. மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தது. குணமாகவில்லை என்றதும் சொந்தக்காரர்கள், யாரோ செய்வினை வைத்துக் கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு மந்திரவாதியை அழைத்து வந்திருக்கிறார்கள். அவன் வாசற்படியை இடித்துத் தோண்டி ஒரு தகடு எடுத்துக் காட்டினான். இனி மாத்திரை வேண்டாம், மருந்து உள்ளே இருக்கும் வரை கட்டு அவிழாது என்றான். வேதக்கார வீடு என்று யாரும் யோசிக்கவில்லை. பயம் வந்தால் எல்லா வீடும் ஒரே வீடுதான்.

"நான் வேணாம்னு சொன்னேன். யாரு கேக்குறா? அவரே கேக்கல. மாத்திரைய நிறுத்திட்டாரு. பொங்கலுக்கு முன்னாடி எழுந்து நடந்தவரு, பொங்கலுக்கு இல்ல." அவர் குரல் மாறவே இல்லை, பாடம் சொல்வது போலத்தான் சொன்னார். "ஒங்களுக்கு அது கதைங்க. எனக்கு எங்க வீட்டு வாசப்படி."

என் கழுதையும் கோலும் எங்கே போயின என்று தெரியவில்லை. புத்தகத்தைக் கேட்காமலே திரும்பி வந்தேன். அந்தப் படியைத் தாண்டும்போது காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் அரசலாற்றுப் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். தண்ணீர் கடலுக்குப் போகிறதா, கடல் உள்ளே வருகிறதா என்று சொல்ல முடியாத நேரம். இத்தனை வருடம் மாயம் என்றால் எனக்கு மேகம், நிலா, பறக்கும் படகு. அதே சொல்லுக்கு, நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில், கடப்பாரைச் சத்தம். கோபம் போய்விட்டது. அதன் இடத்தில் என்ன வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு காற்றில்லாத நாட்கள். கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. ஆபீஸ் மாடியிலிருந்து பார்த்தால், முறைக்குக் காத்திருந்த கப்பல்கள் தூரத்தில் அசையாமல் நிற்கும், தண்ணீரில் நிற்கின்றனவா ஆகாயத்தில் நிற்கின்றனவா என்று தெரியாது. போன் அடிக்கும். "இன்னும் வெளிய நிக்குதுங்க" என்பேன். சொல்லும்போதே எங்கோ ஒரு கயிற்றில் முடிச்சு இருப்பதாகத் தோன்றும். ஒருநாள் "யாராவது அவுத்துவிட்டாத்தாங்க" என்று போனிலேயே சொல்லிவிட்டேன். எதிர்முனையில் இருந்தவர் சுங்க அனுமதியைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

குழந்தைக்கும் அந்தக் கப்பல்கள்தான் பிரச்சினை. ஒரு சாயங்காலம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"பெரியம்மா, சாத்தானையும் அவன் வேலையெல்லாத்தையும் விட்டுடுறியான்னு ஆயர் கேப்பாரு. விட்டுவிடுகிறேன்னு சொல்லணும். டீச்சர் அந்தப் புத்தகம் அவன் வேலைங்கிறாங்க."

"சரி. புத்தகந்தான் ஒங்கிட்ட இல்லையே."

"கையில இல்ல. மனசுல அப்படியே நிக்குது. அவ காத்தக் கட்டிப்புட்டா, கப்பலெல்லாம் நிக்குது, அவங்க அப்பாவுக்கு அது யாரு வேலன்னு இன்னும் தெரியாது. அதுக்கப்புறம் என்னாச்சுன்னு எனக்குத் தெரியணும். அப்ப நான் விடலதானே?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பயமும் வந்தது. "எல்லாரும் சேந்து சொல்றதுதாம்மா. நீயும் சேந்து சொல்லிடு" என்றேன்.

அவள் என்னை ஆராய்ந்து பார்த்தாள். "பெரியவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்களா?"

துணியை மடிக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். அந்தப் புத்தகத்தில் தப்பில்லை, டீச்சர் சொன்னது சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முன்பானால் சொல்லியிருப்பேன். அந்த வாசற்படியைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை. சொல்லாமல் இருந்தால் இந்தப் பிள்ளை ஆயருக்கு முன்னால் என்ன செய்யுமோ என்றும் அடித்துக்கொண்டது. அவளுக்குத் தைலம் பூசாமல் போனால் தங்கை என்னை வீட்டுப் பக்கம் சேர்க்க மாட்டாள். அதைவிட, இந்தப் பெண் இனி எந்தக் கதையையும் குற்றவாளி போலத்தான் திறப்பாள். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

உறுதிபூசுதல் அன்று கோயில் முழுக்க மல்லிகையும் மெழுகும் மணத்தன. பெண் பிள்ளைகள் வெள்ளை கவுனில், பையன்கள் கஞ்சி மொடமொடக்கும் வெள்ளைச் சட்டையில். மின்விசிறிகள் சுற்றியும் காற்று இல்லை. ஆயர் கேள்வி கேட்கும் நேரம் வந்ததும் பிள்ளைகள் எழுந்தார்கள். அப்போதே கை வைக்க வேண்டியதில்லை. ஆனாலும் நான் அவள் தோளில் கை வைத்திருந்தேன்.

கேள்வி வந்தது. விட்டுவிடுகிறேன் என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியது. என் கைக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. பேசும்போது உடம்பில் ஒரு சின்ன நடுக்கம் இருக்குமே, அது இல்லை. அடுத்த கேள்விக்கும் அப்படியே. கடவுளை விசுவசிக்கிறாயா என்று கேட்டபோது மட்டும் அவள் குரல் கணீரென்று வந்தது. யாருக்கும் தெரிந்திருக்காது. வரிசையின் ஓரத்தில் நின்ற டீச்சர் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வரிசை வரிசையாக ஆயரிடம் போக ஆரம்பித்தார்கள். எங்கள் முறை வந்தது. அவள் உட்கார்ந்துகொண்டாள். பின்னாலிருந்து யாரோ "போம்மா, போம்மா" என்றார்கள். அவள் எழவில்லை. லேசாகத் தள்ளினால் எழுந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும், என் கை தோளில்தான் இருக்கிறது. தள்ள முடியவில்லை. அம்மா கை வைத்தால் அழுத்தும் என்றுதானே என்னைக் கேட்டாள்? கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன்.

டீச்சர் வந்தார். பட்டுப்புடவை கசங்குவதைப் பார்க்காமல் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"நான் பதில் சொல்லல டீச்சர்."

"பாத்தேன்."

"அந்தக் கதைய நான் இன்னும் விடல. பாதியிலேயே நிக்குது."

டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவளிடம், எனக்கும் கேட்கும்படி, மெதுவாகச் சொன்னார். "நான் படிச்சிட்டேம்மா. நான் ஒன்கிட்ட சொன்னது தப்பு. அதுல நீ விடவேண்டியது ஒண்ணும் இல்ல."

"எல்லாப் பக்கமும் படிச்சீங்களா?"

"எல்லாப் பக்கமும்."

குழந்தை யோசித்தாள். முன்வரிசை காலியாகி, ஆயர் எங்கள் பக்கம் பார்க்கத் தொடங்கியிருந்தார். "அப்ப முடிவு ஒங்களுக்குத் தெரியும்" என்றாள். டீச்சர் தலையாட்டினார். "சொல்லிடாதீங்க டீச்சர்."

அதற்கப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, தனியாக, சின்னக் குரலில், எல்லோரும் சொல்லி முடித்த அந்தப் பதிலைச் சொன்னாள். விட்டுவிடுகிறேன். என் கைக்குக் கீழே அந்த நடுக்கம் வந்தது. எழுந்து போனோம்.

கிறிஸ்தவர்கள் மாயக்கதை படிக்கலாமா என்று அதற்குப் பிறகு யார் யாரோ என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முன்பெல்லாம் பட்டென்று பதில் சொல்வேன். இப்போது யார் கேட்கிறார்கள், அவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்று முதலில் கேட்கிறேன்.

அன்று பூசை முடிந்து வெளியே கேக்கும் ரோஸ்மில்க்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் போல அதற்குப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டிருந்தது. பஸ்ஸில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று போட்டாராம்.

"எரிக்கத்தாங்க எடுத்துட்டுப் போனேன். அடுப்புப் பக்கத்துல வச்சிப் பிரிச்சா, கட்டு, கட்டுன்னே இருக்கு. எங்க வீட்டு விஷயம் இத எழுதுனவங்களுக்கு எப்படித் தெரியும்னு ஒக்காந்துட்டேன்." அட்டையை உள்ளங்கையால் தடவினார். "கடைசியில அந்தப் பொண்ணு, அப்பா போனாலும் போவட்டும்னு தானே முடிச்ச அவுத்துடுறா. காத்து வருது, எல்லாக் கப்பலும் கெளம்புது. ஸ்கூலுக்குப் போற பட்டினம் பஸ்ல ஒக்காந்து அழுதேன். எறங்க வேண்டிய எடத்த விட்டுட்டேன்."

கொஞ்ச தூரத்தில் குழந்தை எங்களைப் பார்த்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். டீச்சர் குரலைத் தாழ்த்தினார்.

"கட்டு இருக்கு, கட்டு இருக்குன்னு சொல்ல எங்க வீட்டுக்கு எத்தன பேரு வந்தாங்க தெரியுமாங்க? அவுத்துவிட ஒருத்தரும் வரல."

சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தைக் குழந்தையின் கையில் கொடுத்தார்.