ஒரு கம்பு தூரம்

சேரப்பணஞ்சேரி ஏரியில் நான் முதன்முதலாக இறங்கிய அன்று என்னைக் காப்பாற்ற ஒருவர் வந்தார். கரைமேல் ஆடு ஓட்டிக்கொண்டு போனவர். நடு ஏரிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, இன்னா கஷ்டம் உனக்கு? எதுவா இருந்தாலும் பேசிக்கலாம். கரைக்கு வந்துரும்மா."

நான் பாட்டுக்கு ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவர் எதிரிலேயே கரையேறினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீஞ்சறதுக்கா எறங்கின? சொல்லிட்டு எறங்கக் கூடாதா? ஆட்ட வுட்டுட்டு இங்க நின்னுகினு கீறேன்."

"நீங்க கேட்டுட்டுக் கத்தியிருக்கலாம்" என்றேன். எனக்கு அப்போதும் இப்போதும் வாய் கொஞ்சம் அதிகம். ஆனால் அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் அவர் முகம்தான் நினைவில் வந்தது. வேலைக்காக ஒரகடத்துக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. என்ன கஷ்டம் என்று என்னைக் கேட்ட முதல் ஆள் அவர்தான், அதுவும் தப்பாகப் புரிந்துகொண்டு.

நான் வாலாஜாபாத் பக்கம். எங்கள் ஊரில் வயல் கிணற்றில் நீந்தப் பழகியவள். பள்ளிக்கூடத்துப் போட்டி, மாவட்டப் போட்டி என்று போனபோது நீச்சல் குளத்தில் எனக்குப் பெரிய மரியாதை கிடைக்கவில்லை. சுவரில் உதைத்துத் திரும்புவதில் நான் மந்தம். நான் திரும்பி முடிப்பதற்குள் பக்கத்து லேன் பெண் பாதித் தூரம் போயிருப்பாள். பிறகு ஒருமுறை சென்னையில் கடல் நீச்சல் போட்டி என்றார்கள். கடலில் சுவர் கிடையாது. அன்று முதலாவதாக வந்தேன். அடுத்து மாநில அளவில், அதற்கடுத்து தேசிய அளவில் என்று கிழக்குக் கடலிலும் மேற்குக் கடலிலும் மாறி மாறி இறங்கினேன். சில ஆண்டுகள் பத்துக் கிலோமீட்டரில் என்னைத் தாண்டிப் போக ஆள் இல்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

கடல் நீச்சல் என்றதும் பலர் ஏதோ அழகான காட்சியை நினைத்துக்கொள்கிறார்கள். காது முழுக்கத் தண்ணீர், வாய் முழுக்க உப்பு, கண்ணாடி மங்கிப்போய் எதிரில் இருப்பது அலையா ஆளா என்று தெரியாது. தொடக்கத்தில் எல்லாரும் கும்பலாக இறங்குவோம். அடுத்தவள் முழங்கை மூக்கில் இடிக்கும், நம் குதிகால் இன்னொருத்தி தாடையில் படும். கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விடும். முதலில் போகிறவளுக்கு முன்னால் ஆள் கிடையாது, பின்னால் வருகிறவர்களைப் பார்க்கவும் முடியாது. ஜெயிக்க ஜெயிக்கச் சுற்றிலும் ஆள் குறைந்துகொண்டே போகும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெடல் சோறு போடாது என்பது கொஞ்சம் தாமதமாக உறைத்தது. ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டித் தரும் ஒரு கம்பெனியில் வேலை கேட்டுப் போனேன். என் சான்றிதழ்களைப் பார்த்த அதிகாரி, "ஸ்போர்ட்ஸா, வெரி குட்" என்று சேர்த்துக்கொண்டார். கம்பெனியில் இருந்தது வாலிபால் டீம். அதில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பந்து இரண்டு முறை என் முகத்தில் பட்ட பிறகு விட்டுவிட்டார்கள். நோட்டீஸ் போர்டில் மட்டும் நீச்சல் உடையோடு என் படத்தை ஒட்டி, 'நம் சாதனை மங்கை' என்று எழுதி வைத்தார்கள். லைனில் எனக்கு அடுத்து நிற்கிற பெண் அதைப் பார்த்துவிட்டு வந்து, "உன் தங்கச்சி ஃபோட்டோ ஒட்டிக்கீறாங்களே, இன்னா விஷயம்?" என்று கேட்டாள்.

தங்கியது ஒரு வாடகை வீட்டில். பெண்கள் அதிகம், கட்டில்கள் குறைவு. அதனால் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், ஷிஃப்ட் மாற்றி. என் கட்டிலின் மற்றப் பாதி ஆள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். செல்போனுக்குள் வைக்கும் சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனியில் வேலை. எனக்குப் பகல் என்றால் அவளுக்கு நைட், எனக்கு நைட் வந்தால் அவளுக்குப் பகல். ஞாயிற்றுக்கிழமை நான் ஏரிக்குப் போய்விடுவேன், அவள் கூடுதல் சம்பளத்துக்காக ஓ.டி.க்குப் போய்விடுவாள். வாசலில் எதிர்ப்பட்டால், "சாப்ட்டீயளாக்கா?" என்பாள். நான் "ம்" என்பேன். கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும். எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

ஆனாலும் அவளைப் பற்றி எனக்கு ஏதேதோ தெரிந்திருந்தது. தலையணையில் தேங்காய் எண்ணெய் வாசனை. போர்வையை நான் சுருட்டி எறிந்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது மடித்திருக்கும். குளிர் நாட்களில் வந்து படுத்தால் கட்டில் இன்னும் சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் படுப்பதற்காகவே வேகமாகப் படியேறி வந்த நாட்கள் உண்டு. இதை அப்போது யார் கேட்டிருந்தாலும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

வயது முப்பதைத் தாண்டியது. இடது தோள் காலையில் எழுந்ததும் முனக ஆரம்பித்தது. செய்யாமல் மிச்சம் வைத்தது ஒன்றே ஒன்று. இலங்கைக் கரையில் இறங்கி, பாக் நீரிணையை நீந்தி, தனுஷ்கோடியில் கரையேறுவது. பத்துக் கிலோமீட்டரில் மெடல் என்றால் ஊரில் எவருக்கும் ஒன்றும் விளங்காது. இலங்கையிலிருந்து நீந்தி வந்தவள் என்றால் ஆட்டுக்காரருக்கும் விளங்கும். அதைச் செய்துவிட்டால் நான் யார் என்று அப்புறம் ஒருவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்படித்தான் நம்பினேன், அதற்காகத்தான் அந்த ஏரியில் பாசியும் பிளாஸ்டிக்கும் முகத்தில் ஒட்ட நீந்திக்கொண்டிருந்தேன். இரண்டு நாட்டு அனுமதி, கடற்படை அனுமதி என்று எல்லாம் வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விட்டது. இன்னொரு முறை அலைய எனக்குத் தெம்பும் இல்லை, தோளும் இல்லை. சூப்பர்வைசர் லீவு லெட்டரில் கையெழுத்துப் போடும்போதே, "அடுத்த வருஷம்னு வந்து நிக்காத" என்று சொல்லிவிட்டார்.

இந்த நீச்சலில் ஒரு விதி உண்டு. நீந்துகிறவர் படகைத் தொடக் கூடாது. படகில் கூட வருகிறவர்களும் நீந்துகிறவரைத் தொடக் கூடாது. விரல் பட்டால்கூட நீச்சல் அந்த இடத்தில் முடிந்தது, கணக்கில் வராது. சாப்பாடும் தண்ணீரும் நீளக் கம்பின் முனையில்தான் வரும். அந்தக் கம்பை நீட்டுவதற்கு ஓர் ஆளை நானே கூட்டி வர வேண்டும் என்று நீச்சல் சங்கத்தில் சொன்னார்கள்.

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அந்த வாரம்தான் பாப்பாவுக்குக் காது குத்தறோம். அதுவுமில்லாம கடலப் பாத்தாலே எனக்குத் தல சுத்துது. வேற யாராச்சும் இருப்பாங்க இல்ல உனக்கு?"

"நெறைய பேர் கீறாங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன். அப்புறம் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். ஒருத்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குக்கூட எனக்குப் பழக்கம் இல்லை. இத்தனை பேர் நடுவில் இப்படி ஒற்றையாக நிற்பதற்கும் ஒரு திறமை வேண்டும். அதிலும் நான் முதலிடம்தான்.

மறுநாள் வீட்டு வாசலில் அந்தத் திருநெல்வேலிப் பெண் உள்ளே வந்தாள், நான் வெளியே போனேன். வழக்கம்போல, "சாப்ட்டீயளாக்கா?" என்றாள்.

"இல்ல. எனக்கு ஒரு ஒதவி வேணும். கடல்ல ஒரு நாள் பூரா படகுல வரணும். வருவியா?"

"படகுலயா? எனக்கு நீச்சல் தெரியாதேக்கா."

"நீஞ்சப்போறது நான். நீ கம்பு நீட்டினாப் போதும்."

அவள் யோசிக்கக்கூட இல்லை. "வாரேன். மழை வந்தா எந்துணியையும் சேத்து எடுத்து வைக்கீயல்லா, அதுக்காவது வரணும்" என்றாள். கொடியில் கிடந்த மொத்தத்தையும் நான் அள்ளி வந்து போட்டிருப்பேன். அவள் அதை எனக்குக் கணக்கில் வைத்திருக்கிறாள்.

ஓ.டி.யை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கு வந்தாள். மூங்கில் கம்பின் நுனியில் பாட்டிலைக் கட்டி, மதகின் மேல் உட்கார்ந்து நீட்டுவாள். நான் கீழே மிதந்தபடி எடுத்துக் குடிப்பேன். முதல் நாள் வேண்டுமென்றே என் தலையில் பாட்டிலால் தட்டினாள்.

"பாட்டில் பட்டாப் பரவால்ல. கை படக் கூடாது" என்றேன்.

"பட்டா ஷாக்கடிக்குமாக்கா?"

"வெளையாடாத. அன்னிக்கு மட்டும் உன் கை பட்டுச்சு, அவ்ளோதான், எல்லாம் போச்சு."

"நீங்க கவலப்படாதீய. எங்க லைன்லயும் போர்டை வெறுங்கையாத் தொடப்புடாது. தொட்டா மொத்தமும் ரிஜெக்டு. நாலு வருசமா ஒரு ரிஜெக்டு வாங்கினதில்ல நான்."

அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இவளைவிடச் சரியான ஆள் கிடைக்காது என்று நினைத்தேன். கிளம்புவதற்கு முந்தைய வாரம் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குத் தனியாகப் போய் விபூதி வாங்கி வந்து எனக்குப் பொட்டலமாகக் கொடுத்தாள். கொடுக்கும்போதுகூட என் கையில் கை படாமல், மேலேயிருந்து போட்டாள். "பழகிக்கிடுதேன்" என்றாள்.

படகில் அவளைத் தவிர இரண்டே பேர். ராமேஸ்வரத்து மீனவர் ஒருவர், சங்கம் அனுப்பிய நடுவர் ஒருவர். விடியும் முன்னே இலங்கைக் கரையில் இறங்கினேன். காலை முழுவதும் கடல் சாதுவாக இருந்தது. கம்பு நீளும்போதெல்லாம் அதன் முனையில் கஞ்சியோ குளுக்கோஸோ வரும். கூடவே அவள் ஒரு சேதி சொல்வாள். "எக்கா, ஒரு மீனு பறந்து போவுது, பாத்தீயளா?" "எக்கா, நடுவர் சார் குறட்டை விடுதாரு." "இல்லம்மா, கண்ண மூடிகினு இருந்தேன்" என்று அவர் சொல்வார். ஒரு கட்டத்தில் எனக்குப் பசியே இல்லாதபோதும் கம்பு எப்போது நீளும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை ஆண்டு கடலில் முதன்முறையாக, அடுத்த கையை எடுத்து வீசுவதற்கு எனக்கு வேறொரு காரணம் கிடைத்திருந்தது. அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மதியத்துக்கு மேல் காற்று திரும்பியது. அலை குறுக்கே அடித்தது. மூச்சு வாங்கும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் உள்ளே போனது. சொறிமீன் உரசிக் கழுத்து எரிந்தது. அவளுக்குத்தான் படகில் வாந்தி வரும் என்று பயந்திருந்தேன். வந்தது எனக்கு. முதல் முறை நீந்தியபடியே எடுத்தேன். அடுத்ததற்கு நிற்க வேண்டியதாயிற்று.

"கர தெரியுது தாயி. அந்தா வெள்ளையா, அதான் தனுஷ்கோடி" என்றார் மீனவர்.

தெரிந்தது. மணல் ஒரு கோடாகத் தெரிந்தது. இன்ஜினை நிறுத்திவிட்டுப் படகைப் பக்கத்தில் கொண்டுவந்தார். அவள் கம்பை நீட்டினாள். எலுமிச்சைத் தண்ணீர். ஒரு வாய் குடித்தேன், குடித்ததும் வெளியே வந்தது. குடலே வெளியே வருவது போல மறுபடியும் மறுபடியும் வந்தது. கண் இருட்டி, தலை முன்னால் தொங்கியது. காலை மட்டும் உதைத்துக்கொண்டு மிதந்தேன்.

அப்போது நெற்றியில் ஒரு கை வந்து பட்டது.

நம் வீடுகளில் ஒருவர் வாந்தி எடுத்தால் பக்கத்தில் இருப்பவர் ஓடிவந்து நெற்றியைத் தாங்கிப் பிடிப்பார். யாரும் யாருக்கும் இதைச் சொல்லித் தருவதில்லை. கை தானாகப் போகும். கம்பைப் போட்டுவிட்டு, படகின் விளிம்பில் வயிற்றை வைத்துக் குனிந்து, ஒரு கையால் என் நெற்றியையும் மறு கையால் பிடரியையும் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமில்லக்கா, எடுத்துருங்க, முழுசா எடுத்துருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நடுவர் எழுந்து நின்றார். நல்ல மனிதர். சொல்வதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேடம், தொட்டுட்டாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் சுட்டுக்கொண்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள். அந்த இரண்டு கைகளையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எக்கா, மறந்தே போய்ட்டேன்க்கா. தல தொங்கிப் போச்சேன்னு புடிச்சிட்டேன். சார், நான்தான சார் தொட்டேன், அக்கா தொடலையே சார்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. எட்டியிருந்தால் அறைந்திருப்பேன். ஏரி, தோள், அனுமதி, லீவு எல்லாம் கரை தெரிகிற இடத்தில் போய்விட்டது. இனி நான் நீந்திப் போய்க் கரையேறினாலும் குளித்துவிட்டு வந்தவள் கணக்குதான். அவளை எப்படித் திட்டினால் ஆறும் என்று வாயைத் திறந்தேன். திட்டு வரவில்லை, மறுபடி வாந்திதான் வந்தது. முகம் தண்ணீரில் முட்டியது. படகில் மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருடைய கையும் நீளவில்லை.

நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் கைய எடுத்த?" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. நடுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவர இன்னாத்துக்குப் பாக்கற? நான் சொல்றேன், புடி."

அழுதுகொண்டே குனிந்து, இரண்டு கைகளாலும் பிடித்தாள். வாந்தி நின்ற பிறகும் நான் தலையை எடுக்கவில்லை.