பன்னிரண்டாவது மாடிப் பலகை

“தரையில நின்னுகினு ‘உயுந்துடுவேன் உயுந்துடுவேன்’னு கத்துனியாமே! வெக்கமா இல்ல உனுக்கு?”

“ஆமா, கத்துனேன். இப்போ இன்னான்ற?”

“பதினாலு வருசமா கவுத்துல தொங்குற ஆளு நீ! ஒரு கண்ணாடிய மாட்டிவுட்டா அய்துடுவியா?”

“ஒயரத்துக்கு யாருடி பயந்தது? மேல எவனோ என் இடுப்பைப் புடிச்சான்.”

“இடுப்பைப் புடிக்க நீ இன்னா சினிமா ஈரோயினா?”

காம்பவுண்டே சிரித்தது. முதலில் சிரித்தவள் நான்தான்.

சொல்லிவிடுகிறேன். நான் ஊர்க்கதை பேசுகிறவள். ஒன்றை ஒன்றரையாக்கித்தான் எனக்குச் சொல்ல வரும். கள்ளிக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் “பத்மா வாயா?” என்பார்கள். ஆனால் இதில் ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை. சில இடங்களில் குறைத்திருக்கிறேன். முழுசாகச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.

எங்கள் காம்பவுண்டில் ஆறு குடித்தனம். நான்காவது வீடு ஜெகதீசன், அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணம். அவன் உயரமான கட்டடங்களுக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் அடிப்பவன், கண்ணாடி துடைப்பவன். இப்போதெல்லாம் ‘ஹைட் பாஸ்’ இல்லாமல் எந்தக் கட்டடத்திலும் மேலே ஏற விடுவதில்லை. அந்தப் பாஸுக்கு டெஸ்ட் வைக்கிற இடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பயிற்சி மையம். அங்கே தரை துடைத்து டீ கொடுப்பவள் நான்.

டெஸ்ட் இதுதான். ஹால் நடுவில் எட்டடிப் பலகை. இரண்டு முனைக்கு அடியிலும் ஒவ்வொரு செங்கல். இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, அதன் ஹூக்கை மேலே ஒரு கம்பியில் மாட்டுவார்கள். கண்ணில் அந்த வி.ஆர். கண்ணாடி. அதற்குள் பாதி கட்டிய கட்டடம், பன்னிரண்டாவது மாடி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பலகை. முனை வரை போய்த் திரும்பி வந்தால் பாஸ்.

“இது வெறும் படம்தானேப்பா, நெஜமாவா பயப்படுவாங்க?” என்று டெஸ்ட் வைக்கிற கிஷோரிடம் முதல் வாரமே கேட்டேன்.

“கண்ணு சொல்றதைத்தான்க்கா உடம்பு கேட்கும். தரைன்னு தெரிஞ்சாலும் காலு நடுங்கும்.”

நிஜம்தான். நடுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தர் வாந்தி எடுத்ததைத் துடைத்தும் இருக்கிறேன்.

ஆனால் ஜெகதீசன் கத்தியது வேறு மாதிரி. செவ்வாய்க்கிழமை, காலை 11.10. பலகையின் பாதியில் நின்றான். இரண்டு கையாலும் தன் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். “வுடு... வுட்றா... உயுந்துடுவேன்...” என்று அலறினான். கிஷோர் போய்க் கண்ணாடியைக் கழற்றியபோது அவன் சட்டை நனைந்திருந்தது.

2.30-க்கு என் வேலை முடிந்தது. 3.05-க்கு ஆறு குடித்தனத்துக்கும் விஷயம் தெரிந்தது. ஜெகதீசன் வீட்டுக்கு வந்தது 6.40-க்கு. அந்தச் சண்டையைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

அவனுக்கு இன்னொரு வாய்ப்பு இருந்தது. வெள்ளிக்கிழமை 11 மணி. அதிலும் தவறினால் பாஸ் கிடையாது. அவன் கயிறு கட்டக் கற்றுக்கொடுத்த ஆட்களுக்கு அவனே கீழே நின்று பக்கெட் தூக்க வேண்டும்.

புதன்கிழமை. மதியம் 1.40. கிஷோர் சாப்பிடப் போயிருந்தான். ஹாலில் நான், மாப், பக்கெட், மேஜைமேல் அந்தக் கண்ணாடி. துடைத்த தரை காயட்டும் என்று பெரிய ஃபேனைப் போட்டிருந்தேன்.

ஒரு பொருளைத் தொட்டுப் பார்க்காமல் துடைக்க எனக்கு வராது. தவிர, ஜெகதீசன் கதையை இன்னும் நன்றாகச் சொல்ல வேண்டுமென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டாமா? செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து பலகைமேல் ஏறினேன். கண்ணாடியை மாட்டினேன்.

டிங்.

லிஃப்ட் கதவு திறந்தது. வானம். கீழே விரல் அளவுக்கு ஒரு லாரி. உள்ளங்கை அளவுக்கு ஒரு மணல் குவியல். உள்ளங்கால் கூசியது. பலகைக்குக் கீழே இருப்பது நான் பினாயில் போட்டுத் துடைத்த தரை. அது எனக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியவில்லை.

ஒரு அடி. இரண்டு அடி. கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டேன். பாவம், ஜெகதீசன் என்று முதல்முறையாக நினைத்தேன்.

அப்போது ஃபேன் சத்தம் நின்றது. கரண்ட் போய்விட்டது. கண்ணாடிக்கு பேட்டரி இருக்கிறது, அதனால் படம் நிற்கவில்லை.

ஆனால்... முகத்தில் அடித்த காற்றும் நிற்கவில்லை.

பினாயில் வாசனை போய் ஈர சிமெண்ட் வாசனை வந்தது.

பலகையின் அந்த முனையில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். முதுகு என் பக்கம். ஒல்லியான கழுத்து. கட்டம் போட்ட சட்டை. கால் இரண்டையும் வெளியே தொங்கவிட்டிருந்தான். ஒரு காலில் ரப்பர் செருப்பு. இன்னொரு கால் வெறுங்கால். ‘பரவாயில்லையே, பொம்மையெல்லாம் வைத்திருக்கிறார்கள்’ என்றுதான் நினைத்தேன்.

அவன் எழுந்தான்.

பலகை ஆடியது.

படத்தில் இல்லை. என் காலுக்கு அடியில். நிஜப் பலகை.

அவன் திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடியே... பின்பக்கமாகவே... என்னை நோக்கி நடந்து வந்தான்.

தப்... சப்... தப்... சப்...

கண்ணை இறுக மூடினேன்.

பலகை ஆடிக்கொண்டே இருந்தது.

பிறகு இரண்டு கைகள்.

என் இடுப்பில்.

குளிர்ந்த விரல்கள். சுற்றிச் சுற்றித் தடவின. எதையோ... தேடின.

காதுக்குப் பக்கத்தில் மெதுவான குரல்.

“இன்னிக்கு என் மொறதானே...”

கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தேன். ஹாலில் யாரும் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் 1.52. பலகையின் அந்த முனையில், காயாத தரையில், கால் தடங்கள். ஒன்று வெறுங்கால். ஒன்று செருப்பு.

என் செருப்பு இரண்டும் வாசலில் கிடந்தன.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மாப்பை எடுத்துத் துடைத்துவிட்டேன்.

கிஷோர் வந்ததும் கேட்டேன். “ஏம்ப்பா, அதுக்குள்ள ஆளு யாராச்சும் வருவாங்களா?”

“ஆளே கிடையாதுக்கா. ஆளு வெச்சுத் தரணும்னா தனி ரேட்டு கேட்டாங்க, நம்ம ஓனரு வேணாம்னுட்டாரு.”

மறுநாள் காலை 6.15. குழாயடி. ஜெகதீசன் குடத்தை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். முகம் வற்றிப்போயிருந்தது.

“பத்மாக்கா... நீ அங்கதான கீற. அத்த எப்பனா மாட்டிப் பாத்தியா?”

பின்னால் பஞ்சவர்ணம் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் மற்ற நான்கு வீடும் குடத்தோடு நின்றது. “இன்னாண்ணா, இடுப்பு சுளுக்கு சரியாப் போச்சா?” என்று ஒரு பையன் கேட்டான். இரண்டு நாளாக அதை ஊருக்கே பழக்கிவிட்டவள் நான். நானும் பார்த்தேன் என்று சொன்னால் அடுத்த இடுப்புக் கதை என்னுடையது. கேட்காமல் சாமானைத் தொட்டேன் என்று வேலையும் போகும்.

“பாத்தேனே. ஒண்ணுமில்லப்பா. சும்மா பொம்மப் படம்.”

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

“அப்போ எனுக்குத்தான் மூள கெட்டுப்போச்சு” என்றான். குடத்தை எடுக்காமலே போய்விட்டான்.

வெள்ளி. 11.04. டீ கொடுக்கிற சாக்கில் நான் ஹாலிலேயே நின்றேன். ஜெகதீசன் பெல்ட்டைக் கட்டினான். ஹூக்கை மாட்டினான். கண்ணாடியைப் போட்டான். ஒரு அடி. இரண்டு. மூன்று. நடுக்கம் இல்லை. பாதியைத் தாண்டினான். முனைக்குப் போய்விட்டான்.

“சூப்பர்ண்ணே! அப்படியே திரும்பி வந்துடுங்க, பாஸு உங்களுக்குத்தான்” என்றான் கிஷோர்.

அவன் திரும்பவில்லை.

ஹூக்கைக் கழற்றினான். டக். பெல்ட்டை அவிழ்த்தான்.

“அண்ணே! இன்னா பண்றீங்க? மேல பெல்ட்டைக் கழட்டக்கூடாது!”

ஜெகதீசன் பெல்ட்டை இரண்டு கையிலும் ஏந்தி, எதிரே இருந்த வெற்றிடத்துக்கு நீட்டினான்.

“இந்தா செல்வா. போட்டுக்கோ. இன்னிக்கு உன் மொறதான்.”

டீ தட்டை மேஜைமேல் வைத்துவிட்டேன். புதன்கிழமை நான் கேட்ட அந்த வார்த்தையை ஒருத்தரிடமும் நான் சொல்லவில்லை.

அவன் கையை விட்டான். பெல்ட் விழுந்தது. உடனே விழவில்லை. அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜெகதீசன் நேராக வாசலுக்கு நடந்தான். ரூல்படி, மேலே பெல்ட்டைக் கழற்றியவனுக்கு மறுபடி டெஸ்ட்டே கிடையாது. கிஷோர் அதைச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவன் கேட்டைத் தாண்டிவிட்டான்.

குனிந்து பெல்ட்டை எடுத்த கிஷோர் அப்படியே நின்றான்.

“அக்கா... அவரு அவுத்துத்தானே போட்டாரு?”

பக்கிள் பூட்டியிருந்தது. வாரை உள்ளே இழுத்து, ஒரு ஒல்லியான ஆள் இடுப்புக்கு இறுக்கியிருந்தது.

பதினாறு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்காவது வீட்டு வாசலில் மினி லாரி நின்றது. பீரோ ஏறியது. பஞ்சவர்ணம் என்னிடம் வந்தாள். அவ்வளவு நாள் பேசாமல் இருந்தவள்.

“பத்மாக்கா. செல்வகுமார்னு ஒருத்தன் உயுந்து செத்தானே, பூந்தமல்லி பக்கம். தெரியுமா?”

பெயர் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முந்தைய செய்தி. திருமுல்லைவாயில்காரன், ஜெகதீசனோடு வேலை பார்த்தவன். முகம் பார்த்ததில்லை. குடித்துவிட்டுப் பெல்ட்டைக் கழற்றிப் போட்டான் என்று கேள்வி. அதையும் இந்தக் காம்பவுண்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தவள் நான்தான்.

“குடிக்கவும் இல்ல, கழட்டவும் இல்ல. ரெண்டு பேருக்கும் சேத்து அந்த மேஸ்திரி குட்த்ததே ஒரு பெல்ட்டு. ஒரு நாளு இவுரு, ஒரு நாளு அவன். அன்னிக்கு அவன் மொற. ‘தலை சுத்துது, இன்னிக்கு மட்டும் நான் போட்டுக்கறேன் செல்வா’ன்னு இவுரு வாங்கிக் கட்டிகினாரு. அவன் உயுந்தப்போ ஒரு செருப்பு மேல சாரத்துலயே மாட்டிகினு நின்னுச்சாம். அவனாத்தான் பெல்ட்டக் கழட்டுனான்னு மேஸ்திரி எழுதுன பேப்பர்ல கையெழுத்து போட்டதும் இவுருதான். எனுக்கே அந்த வெள்ளிக்கெயமதான் சொன்னாரு.”

லாரியில் அடுத்ததாகக் கட்டில் ஏறியது.

“நேத்து போயி அவன் பொண்டாட்டி அனுசுயா கையில எல்லாத்தையும் சொன்னாரு. அவ ஒரு வார்த்த திட்டல. தண்ணி மோந்து குட்த்தா. அத்தத்தான் தாங்க முடியல இவுரால.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நெஜமாச் சொல்லு. நீ ஒண்ணுமே பாக்கலியா?”

“பாத்தேன்.”

“இன்னா பாத்த?”

“என் இடுப்பையும் தடவுச்சு.”

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“அன்னிக்கு கொழாயடில இவுரு உன்னியக் கேட்டப்போ இத்த சொல்லியிருந்தா, நான் சிரிக்கிறத நிறுத்தியிருப்பேன்க்கா. வெள்ளிக்கெயம கூடயாச்சும் போயிருப்பேன்” என்றாள். லாரியில் ஏறிவிட்டாள்.

திருவள்ளூர் தாண்டி ஒரு அரிசி மில்லில் ஜெகதீசன் வாட்ச்மேனாக இருக்கிறான். பரணில் ஒரு மூட்டை எடுக்கக்கூட ஏணியில் கால் வைப்பதில்லையாம். கிஷோர் அந்த மாதமே வேலையை விட்டான். ஆவடியில் கல்யாணம் முடித்து மாமனார் கடையில் உட்கார்ந்திருக்கிறான். நான் இன்னும் அதே ஹாலைத் துடைக்கிறேன், பலகை பக்கம் மட்டும் போவதில்லை.

அனுசுயாவுக்கு வைகாசியில் மறுகல்யாணம் நடந்தது. திருமுல்லைவாயில் வீட்டைக் காலி செய்துவிட்டு ஓசூருக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை கட்டட வேலைதான் என்று சொன்னார்கள்.

எத்தனையாவது மாடி என்று நான் கேட்கவில்லை.