எந்த ஓடு?

அப்பா பஸ் டிரைவர். ஓய்வு பெற்றபின் தெருவுக்கே கூரை வைத்தியர். ஆலங்கட்டி மழை விட்டதும் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஏணிக்காரர் என்று கேட்டால்தான் எங்கள் வீட்டுக்கு வழி சொல்வார்கள்.

கூரையில் முதல் கட்டி விழுந்ததும் "ஓடு" என்று கத்துவது அவருடைய விளையாட்டு. ஓடுவதா, கூரை ஓடுகளைப் பார்ப்பதா என்று நான் விழிப்பேன். அம்மா அசையமாட்டாள்.

"எந்த ஓடுங்க?"

வருஷக்கணக்காக அதே கேள்வி. அதற்கு அதே சிரிப்பு.

கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் கூடத்தில் எனக்கு வேலை. ரப்பர் கலந்த கூரை ஓட்டின்மேல் எஃகுக் குண்டை மாடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இரண்டு முறை போடுவோம். பிறகு ஓட்டைத் திருப்பிப் பார்ப்போம். பின்பக்கம் விரிசல் இல்லையென்றால் தேறிவிட்டது. அந்த மாதிரி ஓடு போட்டால் புயல் காலத்தில் வீடு ஒழுகாது, ஒவ்வொரு மழைக்கும் பழுது பார்க்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"ஆலங்கட்டி விழுந்து பஸ் கண்ணாடியே ஒரே அடியில போயிடுச்சு. ஓடெல்லாம் எம்மாத்திரம்மா?"

"நீங்க மேல ஏறவே வேண்டியிருக்காதுப்பா."

"அப்ப என் ஏணியும் பென்ஷன் வாங்கிட்டு உக்காந்துக்குமா?"

கேலி செய்தாலும் சம்மதித்தார். புது ஓடுகள் வந்து சுவரோரம் அடுக்கியாயிற்று. கூரை போடுகிறவர் அடுத்த வாரம் வருவதாக இருந்தது. மழை முந்திக்கொண்டது.

பழைய கூரை பொத்துக்கொண்டு படுக்கையெல்லாம் நனைந்தது. மழை சற்று விட்டதும் தார்ப்பாய் விரிக்க அப்பா ஏறினார். அம்மா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உடைந்த ஓடு ஒன்று அவள் தலைக்கு நேராகச் சரிந்தது.

"ஓடு" என்று கத்தினார்.

புது ஓடு கேட்கிறார் என்று அம்மா நினைத்துவிட்டாள். ஏணியை விட்டுவிட்டு அடுக்கின் பக்கம் போனாள். உடைந்த ஓடு அவள் மேல் படவில்லை. அதைப் பிடிக்க எட்டிய அப்பா வழுக்கி விழுந்தார். எழுந்திருக்கவில்லை.

செய்தி கேட்டு நான் போனபோது ஏணி சாய்த்த இடத்திலேயே நின்றது. அம்மா கையிலிருந்து நழுவிய புது ஓடு தரையில் கிடந்தது. பழக்க தோஷம், திருப்பிப் பார்த்தேன். விரிசல் இல்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் அம்மாவிடம் சொன்னேன்:

"அப்பா நின்னது கூரை மேலம்மா. நீ ஏணியைப் பிடிச்சிருந்தாலும் விழுந்திருப்பார். நீ நகராம இருந்திருந்தா உன் தலையிலயும் அடிபட்டிருக்கும்."

அம்மா தலையாட்டினாள். பிறகு சொன்னாள்:

"எப்பவும் எந்த ஓடுன்னு கேப்பேன். அன்னைக்குத்தான் கேக்கல."

இப்போது புதுக் கூரை போட்டாயிற்று. நேற்று மறுபடியும் ஆலங்கட்டி. சத்தம் அடங்கித்தான் கேட்டது. ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. முதல் கட்டி விழுந்தபோது அம்மா மேலே பார்த்தாள். வாயைத் திறந்தவள், ஒன்றும் கேட்காமல் மூடிக்கொண்டாள்.