பனிமலைக்குப் போகாதிருக்க ஒரு வழி

வெள்ளைக்காரர்கள் கப்பலேறிச் சில வருடங்கள் ஆகியும் எங்கள் துரை மட்டும் போகவில்லை. எண்ணூரில் அவருடைய பங்களாவில் நான் சமையல்காரன். அந்த ஐப்பசியில் துரைசாணி சாப்பாட்டு மேசை முழுக்க மலைப் படங்களைப் பரப்பிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு சுவிட்சர்லாந்து போகிறார்களாம். காலில் பலகையைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்குவார்களாம். எந்தப் பள்ளத்தாக்கு, எந்த விடுதி என்று புருஷனும் பெண்டாட்டியும் குழந்தைகள் மாதிரி சண்டை போட்டார்கள். நான் உள்ளுக்குள் சிரித்தபடி சூப்பை வைத்தேன். அப்போதுதான் துரை, உன் கைச் சமையல் இல்லாமல் எங்கள் குழந்தை சாப்பிடாது, நீயும் வர வேண்டும் என்றார்.

பனி என்று நான் கண்டதெல்லாம் ராயபுரம் ஐஸ் கம்பெனியில் மீனுக்கு உடைக்கும் கட்டிதான். பழகிப் பார்ப்போம் என்று, அங்கே வேலை செய்த தோஸ்தைக் கெஞ்சி, கட்டிகள் அடுக்கிய அறைக்குள் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் மரத்துப்போயின. மூச்சு முட்டியது. செத்தேன் என்று நினைத்துக் கதவைப் படபடவென்று தட்டினேன்.

"இன்னா மாமு, அதுக்குள்ள ஊரு சுத்தி முடிச்சிட்டியா?" என்று சிரித்தான். அவனுக்கென்ன, போகப்போவது நானல்லவா?

துரையிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. அம்மா போகக்கூடாது என்று அழுதால் தப்பிக்கலாம். நிச்சயம் அழுவாள் என்று நம்பினேன். கட்டுமரத்தில் போன அப்பா திரும்பவே இல்லை, உடம்பும் கரை ஒதுங்கவில்லை. உடம்பைப் பார்க்காமல் எங்கள் குப்பத்தில் தாலியறுக்க மாட்டார்கள். அதனால் பல வருடமாக அம்மா பொட்டும் பூவுமாகவே இருந்தாள். புயல் ஓய்ந்தால் போதும், கரையோரமாக நடந்து தேடிவிட்டு வருவாள்.

அவளைப் பயமுறுத்த, துரைசாணி என்னிடம் சொன்ன கதை ஒன்று கையில் இருந்தது.

"அங்க மலை மேலேர்ந்து பனி சரிஞ்சி வுழுமாம்மா. ஆளை அப்டியே மூடிக்குமாம்."

மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "மூடிக்கினா? அப்பால ஆள் கெடைக்குமா?"

"வெயில் காலத்துல பனி உருகுனா கெடைக்குமாம். மொகங்கூட மாறாதாம்."

இதற்கு மேல் எந்தத் தாய் அனுப்புவாள்? அவள் அழுகைக்காகக் காத்திருந்தேன்.

"அப்ப போய்ட்டு வா, நைனா," என்றாள். "அந்தப் பனியாச்சும் திருப்பிக் குடுக்குதே."