அம்மா வைக்காமல் வந்த பொட்டு

விமானப்படையில் நான் அதிகாரியாகும் நாளுக்கு முதல்நாள், பயிற்சி முகாமிலிருந்து வெள்ளவத்தை வீட்டுக்குத் தொலைபேசியில் கோல் எடுத்து, "அம்மா, நாளைக்குப் பொட்டைச் சின்னனா வையுங்கோ" என்றேன். எங்கள் பிரிவில் நான் ஒருத்திதான் தமிழ்; மற்றவர்கள் வீடுகளில் பொட்டு வைக்கும் வழக்கமில்லை. எல்லோரும் பார்ப்பார்களே என்ற கூச்சம்.

அணிவகுப்பு முடிந்ததும் பெற்றோர்தான் பிள்ளையின் தோளில் பதவிப்பட்டியை மாட்டிவிட வேண்டும். அப்பாவோடு வந்த அம்மாவின் நெற்றி வெறுமையாக இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஏனம்மா?" என்றேன்.

"உனக்குக் கரைச்சல் வேண்டாம் எண்டுதான், பிள்ளை."

"கைப்பையில பொட்டு இருக்கோ?"

"ஓம்."

இருந்ததிலேயே பெரிய சிவப்புப் பொட்டை எடுத்து, எல்லோரும் பார்க்க நானே ஒட்டிவிட்டேன்.

"இப்பதான் என்ர மனிசி!" என்று அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

அன்று எடுத்த படம் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதில் அம்மா மாட்டிய பட்டி நேராக இருக்கிறது. நான் ஒட்டிய பொட்டுத்தான் கொஞ்சம் கோணல்.